வலது தோள்

எல்லாப் படத்திலும் அவள் நேராகத்தான் இருந்தாள்.

பத்தாவது பிறந்தநாள், மஞ்சள் பாவாடை. நேர்.

பதினொன்று, கை நிறையக் கண்ணாடி வளையல். நேர்.

பன்னிரண்டு. பதின்மூன்று. ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத தோள்கள்.

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். மதியச் சாப்பாட்டு நேரம். அவனுடைய போட்டோ ஸ்டுடியோவில் வேறு யாரும் இல்லை.

காலையில் திருநெல்வேலியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். மகள் கோமுவின் முதுகெலும்பு நடுவில் வலப்பக்கம் ஒதுங்கி, இடுப்புக்கு வந்து மறுபடி திரும்பியிருந்தது. அவளைக் குனியச் சொன்னபோது முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாக எழும்பியது.

பெற்ற தகப்பன் அதை அன்றுதான் பார்த்தான்.

"யார் தப்பும் இல்லைங்க. பை தூக்கினதால வர்றதில்ல, கூன் போட்டு உக்காந்ததாலயும் இல்ல. வளர்ற வயசுல சில பிள்ளைங்களுக்கு இப்படி வளையும். சின்னதா இருக்கும்போதே பாத்திருந்தா பெல்ட் போட்டு அதுக்கு மேல கூடாமப் பாத்திருக்கலாம். இப்பவும் மெதுவா கூடுற வளைவுன்னா போட்டுப் பாக்கலாம். வேகமா கூடுதுன்னா ஆபரேஷன்தான், கம்பி வச்சு நிமித்தணும். பழைய போட்டோ இருந்தாக் கொண்டு வாங்க. தோள் தெரிஞ்சாப் போதும், எவ்வளவு வேகமா கூடியிருக்குன்னு பாத்துடலாம்."

போட்டோ இருந்தால்! கேட்டது யாரிடம்?

அந்த வட்டாரத்தில் அவன் கைபடாத முகம் குறைவு. ஒன்றரைக் கண்ணை நேராக்குவான். முன்வழுக்கையில் முடி நடுவான். கல்யாணத்துக்குக் கொடுக்கும் படம் என்றால் மாநிறத்தைச் சிவப்பாக்கி அனுப்புவான். ஆதார் அட்டை முகங்கள் மட்டும்தான் அவன் கைக்குத் தப்பியவை. சொந்த மகளை மட்டும் விட்டுவைப்பானா?

பத்தாவது பிறந்தநாளுக்குப் படம் எடுத்தபோது முதலில் ஸ்டூல்தான் ஆடுகிறது என்று நினைத்தான். காலண்டர் அட்டையை மடித்து ஒரு காலுக்கு அடியில் கொடுத்தான்.

அட்டை இன்னும் அங்கேயே இருக்கிறது.

அடுத்த வருஷம் அவளைத் திட்டினான். கோணிக்கொண்டு உட்காராதே என்று.

"நேராத்தான்ப்பா இருக்கேன்."

பிள்ளை அழிச்சாட்டியம் பண்ணுகிறது என்று நினைத்துக்கொண்டே படம் எடுத்தான்.

இரண்டு முறையும் பிறகு கணினியில் உட்கார்ந்து, வலது தோளைச் சற்றே கீழே இழுத்துவிட்டான். ஒரு நிமிஷ வேலை. மாற்றிய படத்தை அசலின் மேலேயே சேமித்தான். ஊரார் கல்யாணப் படங்களே கணினியை அடைத்துக்கொண்டு கிடக்கும்போது, ஒரு பிறந்தநாளுக்கு இரண்டு படம் எதற்கு?

பன்னிரண்டு வயதில் ஒருநாள் அவளாகவே வந்து கேட்டாள்.

"அப்பா, எனக்கு ஒரு தோளு ஏத்தமா இருக்கா?"

அப்போதுதான் வேலை முடித்திருந்த அவளுடைய பிறந்தநாள் படம் திரையில் இருந்தது. அவன் மானிட்டரை அவள் பக்கம் திருப்பினான்.

"நீயே பாரு. எம்புட்டு நேரா இருக்கே."

அவள் வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அன்று கேட்ட பிள்ளையின் முதுகில் கையை வைத்து ஒரு தடவை தடவிப் பார்த்திருக்கலாம். அதற்குக் கணினி வேண்டாம், கேமரா வேண்டாம்.

மறுபடி மவுஸைப் பிடித்தான்.

பத்தாவது பிறந்தநாளைத் திறந்தான். இழுத்த இடம் கைக்கு நினைவிருந்தது. அன்று கீழே இழுத்ததை இன்று மேலே ஏற்றினான். கொஞ்சம்தான்.

இதை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட முடியாது. ஆனால் எவ்வளவு இருந்தது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பதினொன்று. அதைவிடச் சற்று மேலே.

பன்னிரண்டு. அந்த வருஷம் தோளோடு விடவில்லை. இடுப்பையும் பாவாடை விளிம்பையும்கூடச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. ஒழுங்காக உட்காரத் தெரியாத பிள்ளை என்று முணுமுணுத்துக்கொண்டே செய்த வேலை. ஒவ்வொன்றாகப் பழையபடி கோணலாக்கினான்.

பதின்மூன்று.

கடை வாசலில் கண்ணாடிக்குள் பெரிதாகத் தொங்குவது அந்தப் படம்தான். வருகிறவர்கள் இதே மாதிரி வேண்டும் என்று கை காட்டுவார்கள்.

தோளை ஏற்றினான். ஓர் இடத்தில் நிறுத்திக்கொண்டான்.

இவ்வளவுதான் இருந்திருக்கும். இதற்கு மேல் இருந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாமலா போயிருக்கும்?

பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

கோமு, கையில் அவனுடைய சாப்பாட்டுத் தூக்கோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

திரையை அணைக்கக் கை போனது. அணைக்கவில்லை.

அவள் தூக்கை மேசைமேல் வைத்தாள். திரையில் இருந்த தன்னையே பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் ஏத்தணும்ப்பா."

ஏற்றினான்.

"இன்னும்."