கியர் ஆயில் திருடன்

"டேய், வெளியே வாடா!"

லாரிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களும் அப்படியே நின்றன.

"வர்றியா, காலைப் பிடிச்சு இழுக்கவா?"

டிரைவர் முதுகாலேயே நகர்ந்து வெளியே வந்தான். கையில் கேன். கேனில் பாதிக்குக் கியர் ஆயில்.

முதலாளி வாயில் இருந்த பிரஷ்ஷைத் துப்பாத குறைதான்.

"போன மாசமே சந்தேகம்டா எனக்கு. கியர்பாக்ஸ்ல விரலை விட்டா ஒருநாள் எண்ணெய் தட்டுது, ஒருநாள் தட்டலை. தரையில ஒரு சொட்டு ஒழுகலை. காத்துல கரைஞ்சு போக அது என்ன கற்பூரமா?"

"திருடலீங்க முதலாளி."

"பின்னே? தலைக்குத் தேய்க்க எடுத்தியா?"

டிரைவர் கேனை ஓரமாக வைத்தான்.

ராணுவம் கழித்துக்கட்டிய லாரி அது. பழைய இரும்புக் கடைக்காரனிடம் நாலு நாள் மல்லுக்கட்டி, ஐந்தாம் நாள் கோபித்துக்கொண்டு எழுந்து போய், அவனே ஓடிவந்து கூப்பிட்டுக் கொடுக்க வைத்து வாங்கியது. ஆறு சக்கரமும் இழுக்கும். மேட்டு உச்சி ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் ஏற்ற வேறு வண்டியே கிடையாது. அதன் எண்ணெயில் கை வைத்தால், முதலாளியின் ரத்தத்தில் கை வைத்த மாதிரி.

"சாவியைக் கொடு. இன்னியோட உனக்கும் இந்த வண்டிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. திருடன்னு பேர் வாங்கினவனுக்கு எவன் வேலை கொடுக்கறான்னு நானும் பார்க்கறேன்!"

"முதலாளி, சின்னப் பொண்ணை இப்பத்தான் ஸ்கூல்ல..."

"கேனைத் தூக்கறப்போ ஞாபகம் வந்திருக்கணும்!" முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

சத்தம் கேட்டு முதலாளியின் மனைவி வாசலுக்கு வந்தாள். பக்கத்துத் தெரு மெக்கானிக் சைக்கிளை நிறுத்தினார்.

"வாங்க தம்பி! எவ்வளவு திருடியிருக்கான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

மெக்கானிக் ஸ்பேனரோடு அடியில் போனார்.

"கியர்பாக்ஸ்ல ரெண்டு லிட்டர் குறையுதுண்ணே."

"பார்த்தியா!"

"இருங்க. இவன் எங்கே படுத்திருந்தான்?"

"இதோ, பின்னாடி."

"அங்கே இருக்கறது கியர்பாக்ஸ் இல்லையே. முன் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சுக் கொடுக்கற ரெண்டாவது பெட்டியாச்சே?"

முதலாளியும் குனிந்து எட்டிப் பார்த்தார். மெக்கானிக் அந்தப் பெட்டியில் எண்ணெய் மட்டம் பார்க்கும் மூடியைத் திருகியதுதான் தாமதம், எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு வந்து முதலாளியின் சட்டையெல்லாம் அடித்தது.

"நிறைஞ்சு வழியுதுண்ணே! அங்கே குறைஞ்சதெல்லாம் இங்கேயும் இவன் கேன்லயும் இருக்கு."

"ஒரு பெட்டியில திருடி அடுத்த பெட்டியில சேர்த்து வைக்கிற திருடனை இப்பத்தான் பார்க்கறேன்" என்றாள் மனைவி.

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார். "ரெண்டு பெட்டிக்கும் நடுவுல எண்ணெய் தாண்டாம தடுக்கறது ஒரே ஒரு ரப்பர் வளையம், ஆயில் சீல். அதைப் புதுசா மாத்தினீங்களா?"

டிரைவர் தலையாட்டினான். "நாலு மாசம் ஆச்சுண்ணே."

"அப்ப அதை முன்பக்கம் பின்பக்கமா திருப்பி மாட்டியிருக்கு. வண்டி ஓட ஓட முன்பெட்டி எண்ணெயெல்லாம் பின்பெட்டிக்குப் போயிடும். நீ இதுலேருந்து எடுத்து அதுல ஊத்திட்டு இருந்திருக்கே, அப்படித்தானே?"

"வாரத்துக்கு ஒருவாட்டி."

"ஊத்தாம இருந்தா கியர் பல்லெல்லாம் எப்பவோ பொடியாயிருக்கும். சரி, எந்தக் கழுதை அந்த சீலை மாட்டினது?"

முதலாளி சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் படாத இடத்தையும் சேர்த்துத் துடைத்தார்.

"நான்தாண்ணே" என்றான் டிரைவர். "கவனிக்காம மாட்டிட்டேன். சொல்லப் பயமா இருந்துச்சு."

"அடப்பாவி! ஓட்டறதோட நிறுத்திக்கக் கூடாதா? உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?"

"இனிமே தொட மாட்டேண்ணே."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். சாவியை டிரைவர் கையில் திணித்தார்.

"சரி, சரி. தப்பு யாருக்கும் வரும். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லை, மன்னிச்சுட்டேன். எண்ணெயை ஊத்திட்டுக் கிளம்பு. ஆஸ்பத்திரியில தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க. ஞாயித்துக்கிழமை தம்பி வந்து பிரிச்சுப் பார்க்கட்டும்."

"உங்களுக்குப் பெரிய மனசுண்ணே" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் சைக்கிளில் ஏறினார்.

எண்ணெயை ஊற்றி முடித்த டிரைவர் லாரியை எடுத்தான். அது உறுமிக்கொண்டே தெருமுனை திரும்பியது.

வாசலிலேயே நின்ற மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, நாலு மாசம் முன்னாடி பக்கவாதம் வந்து எழுந்ததும், ஒருத்தரையும் கிட்ட விடாம, நடுங்கற கையால நீங்களே மாட்டிட்டு, 'பாரு, என் கை இன்னும் செத்துப் போகலை'ன்னு எங்கிட்ட வந்து அழுதீங்களே... அது எந்த சீலு?"