காடே கப்சிப்!

"வாயை மூடி உட்கார்ந்த அழகைப் பார்த்து, ஓடையே வெட்கப்பட்டு சலசலப்பை நிறுத்திடுச்சு!" பையை இறக்கி வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார் ஏலக்காரர்.

"அளக்காதீங்க," என்றாள் மனைவி. ஓட்டைக் குடத்தையே அரண்மனைக் குடமாக்கி ஏலம் விடுகிற மனுஷர் அவர். பரீட்சையில் தோற்றதிலிருந்து யாரிடமும் பேசாத மகளை, மனசு தேறட்டும் என்று அவரோடு காட்டில் நடக்கும் தியான முகாமுக்கு அனுப்பியிருந்தாள். வந்ததும் மகள் நேரே குளியலறைக்குள் போய்விட்டாள். "அங்க என்னதான் நடந்துச்சு?"

"போனை வாங்கி வச்சதும் ஒரே ரகளை. கூடாரத்துக்குள்ள முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்தாச்சு. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னா, அரை நிமிஷம் தாங்கலை. கடைசி நாள் பாரு, ஓடைக்கரையில ஒரு மணி நேரம்! வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரணுமே!"

"அவதான் மாசக்கணக்கா பேசறதில்லையே! இதுக்கா காடு வரைக்கும் போனீங்க?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

குளியலறைக் கதவு திறந்தது.

"அம்மா, ரகளை பண்ணதும் அப்பா, வாயை மூடினதும் அப்பா. அந்த ஒரு மணி நேரமும் பேசினது நான். அப்பதான் எனக்குப் பேச இடமே கிடைச்சுது. மறுபடியும் பரீட்சை எழுதறேம்மா."

அம்மா திகைத்துப்போய்க் கணவரைப் பார்த்தாள். அவரோ மகளையே பார்த்தபடி மெல்ல மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"நம்பறேங்க," என்றாள் அவள். "அந்த ஓடை நின்னுதான் போயிருக்கும்."