பல்லிக்கு உடம்பு சரியாகிவிட்டது

மாலை வகுப்பிலும் கடையிலும் என்னோடு பேசுவது இயந்திரங்கள்தான். நான் வளர்க்கும் பல்லிக்கு உடம்பு சரியில்லாதபோது மட்டும் அதன் கண்ணாடித் தொட்டியிலுள்ள கருவி ஒரு மனிதரை அழைக்கும்: விலங்கு மருத்துவர் டாக்டர் ஜெசிந்தா.

இன்று அவர் திரையில் வந்து, தொட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

“வால் நல்லாத் தடிச்சிருக்கே! உன் சோத்தையும் அதுக்கே போட்டுட்டியா தம்பி? இனிமே நான் வரவேண்டியதில்ல.”

“தோல் சரியா உரிஞ்சுதான்னு சந்தேகமா இருக்கு டாக்டர்...”

“எல்லாம் சரியா இருக்குப்பா. நல்லாப் பாத்துக்கிட்ட.”

திரை அணைந்தது. தொட்டியின் சூட்டு விளக்கை அணைத்துவிட்டால் பல்லி சோர்ந்துவிடும்; நாளை அவர் வருவார். சுவிட்சில் விரல் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

“தனியா இருந்து பழகிக்குவேன்,” என்று பல்லியிடம் சொன்னேன். சொன்னது உண்மையானால் பல்லி சத்தமிடும் என்பார்கள். காத்திருந்தேன். ஒருவேளை அதற்குக் கேட்கவில்லையோ என்று, இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.