பொம்மையின் கோட்டு

சோபாவில் சாய்ந்து உட்கார முடியவில்லை. கோட்டின் முதுகில் வரிசையாகக் குண்டூசிகள்.

கடையில் பொம்மைக்கு மாட்டியிருந்த கோட்டு அது. இடுப்பு சிறுத்துத் தெரிய வேண்டும் என்று முதுகில் மடித்து ஊசி குத்தி வைத்திருப்பார்கள். எடுத்தால் திரும்பக் குத்த நேரமிருக்காது என்று அப்படியே போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

கடை திறப்பதற்குள் கோட்டு பொம்மைமேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலாளி தோலை உரித்துவிடுவார்.

அவன் அந்தத் துணிக்கடையில் சேல்ஸ்மேன். வாசலில் 'பரம்பரைப் பணக்காரத் தோற்றம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வெளிறிய நிறங்கள், எங்கும் கம்பெனிப் பெயர் கிடையாது, விலை மட்டும் யானை விலை குதிரை விலை. நேற்றுக் காசு பார்த்தவனையும் ஏழு தலைமுறைச் சொத்துக்காரனாக்கி அனுப்பிவிடுவான், கெட்டிக்காரன்.

அவள் அங்கேதான் வருவாள். எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பாள், ஒன்றும் வாங்க மாட்டாள்.

அதில்தான் விழுந்தான். அசல் பணக்காரர்கள் புதுத்துணிக்கு அலைய மாட்டார்கள் என்பது அவன் தொழிலில் பாலபாடம். கடை எங்களுடையதுதான் என்று ஒரு நாள் வாய் தவறி அளந்துவிட்டான். பொய்தான். ஆனால் அவள்மேல் உயிரையே வைத்திருந்தான், பாவி.

இன்று அவள் வீட்டுக்கே பெண் கேட்டு வந்திருக்கிறான்.

உள்ளிருந்து அவளுடைய அப்பா வந்தார். காலர் நைந்து நூல் தொங்கியது. ஸ்வெட்டரில் முழங்கைப் பக்கம் ஓட்டை. ஷூவுக்குப் பல தடவை அடி மாற்றியிருந்தார்கள்.

அவனுக்குப் புல்லரித்துவிட்டது. அசல் என்றால் இதுவல்லவா அசல். இந்த ஓட்டையை எந்தக் கடையில் போய் வாங்குவது?

சுவரைப் பார்த்தான். படங்கள் மாட்டியிருந்த இடம் சதுரம் சதுரமாகப் பளிச்சென்று தெரிந்தது. மாட்டிக் காட்டிக்கொள்ளும் அவசியம்கூட இவர்களுக்கு இல்லை. அவ்வளவு பெரிய கூடத்தில் இந்த ஒரு சோபாதான். என்ன அடக்கம், என்ன ரசனை என்று சொக்கிப்போனான்.

அவர் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். விறைப்பாக உட்கார்ந்திருந்த தோரணை அவருக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று.

"உங்களைப் பார்த்தாலே தெரியுது தம்பி, இதுல விசாரிக்க என்ன இருக்கு? இந்த மாசமே கல்யாணத்தை வச்சுக்கலாம்."

வேலை என்ன, வீடு எங்கே, ஒரு கேள்வி கிடையாது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கினான். கல்யாணம் முடியட்டும், மெல்லச் சொல்லிக்கொள்ளலாம். இவ்வளவு இருப்பவர்களுக்கு ஓர் ஏழை மருமகன் என்ன பெரிய பாரமா?

வாசலில் ஆள் சத்தம் கேட்டது. இரண்டு பேர் விறுவிறுவென்று உள்ளே வந்து, சோபாவின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, அவன் எழுந்திருப்பதற்காக நின்றார்கள்.

எழுந்தான். தூக்கிக்கொண்டு போய் வெளியே நின்ற வண்டியில் ஏற்றினார்கள்.

அப்பா அவன் தோளில் கை வைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"கடைசியா இருந்தது இதுதான் மாப்பிள்ளை. பரவாயில்ல, இனிமே நீங்க இருக்கீங்க. ஒண்ணொண்ணா மீட்டுடலாம்."

அவன் அவளைத் தேடினான்.

கதவோரம் நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அழுகை முட்டிக்கொண்டு வருமளவுக்கு நிம்மதியோடு.