அகலமாத் திறங்க

வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை. ஊழியம் செய்ய அந்தப் பல் டாக்டருக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

சொத்தையை அடைக்கிற நேரத்துக்கு ஒரு சின்னச் சாட்சி. பல்லைப் பிடுங்குவதென்றால் பாவமும் மன்னிப்பும். ரூட் கேனல் என்றால் ஏதேன் தோட்டத்தில் ஆரம்பித்து நியாயத்தீர்ப்பு வரை கொண்டுபோய் விட்டுத்தான் ஓய்வார். பாதியில் எழுந்து ஓடவும் முடியாது. கேட்டவர்கள் எல்லாரும் "ஆ" என்றார்கள். அவர் அதை ஆமென் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அன்றைக்கு அகப்பட்டவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வீங்கிய கன்னமும் கம்பெனிச் சட்டையுமாக உள்ளே வந்தவர், டாக்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "டாக்டர், நான்..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க. அகலமாத் திறங்க."

உதவிக்கு நின்ற பெண் எச்சில் உறிஞ்சும் குழாயை அவர் உதட்டோரம் மாட்டினாள். டாக்டரின் பிரசங்கம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் இன்றைக்கு அவளும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. "இந்த ஞாயிறாவது எங்க சபைக்கு வர்றியா, இல்லையா? சாயங்காலத்துக்குள்ள முடிவாச் சொல்லு" என்று காலையிலேயே கேட்டிருந்தார்.

"சம்பளம் கொடுக்கிறவர் கூப்பிட்டா அதுக்குப் பேர் அழைப்பு இல்லடி, டியூட்டி" என்று வாசலில் டோக்கன் கொடுக்கிற அக்கா கிண்டலடித்தாள்.

இருந்தாலும் அவளுக்குப் போகத்தான் ஆசை. ஊருக்குப் புதுசு. போன மாதம் காய்ச்சலில் ஹாஸ்டல் அறையில் சுருண்டு கிடந்தபோது, கதவைத் தட்டி ஏனென்று கேட்க ஆளில்லை. நம்மைக் காணோமே என்று தேடுகிற இடம் ஒன்று இருந்தால் தேவலை என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

டாக்டர் ஊசியை இறக்கினார். மெக்கானிக் துள்ளினார்.

"இதுக்கே இப்படித் துள்றீங்களே, ஆணி அடிச்சப்போ அவருக்கு எப்படி வலிச்சிருக்கும்? என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?"

"ஆ... ஆ..."

"யோசிச்சதில்லையாம்" என்று டாக்டரே மொழிபெயர்த்தார். "உங்க மேல தப்பில்ல. யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டாங்க. எனக்கு ஒரு ஆளோட மூஞ்சியப் பார்த்தாலே தெரிஞ்சுடும், உள்ள வெளிச்சம் இருக்கா இல்லையான்னு."

அந்த மூஞ்சியை இவர் எப்போது பார்த்தார் என்று அவளுக்குச் சந்தேகம். நாற்காலியில் சாய்த்ததிலிருந்து டாக்டர் பார்த்ததெல்லாம் கடைவாய்ப் பல்லைத்தான்.

மெக்கானிக் கையைத் தூக்கி ஏதோ சொல்ல முயன்றார். டாக்டர் அந்தக் கையை அன்போடு அமுக்கினார்.

"கேள்வி இருக்கும். எல்லாருக்கும் இருக்கும். முதல்ல ஒரு தடவை எங்க சபைக்கு வந்து பாருங்க. நான் அங்க மூப்பர். சும்மா பேருக்கு இல்ல; ஒவ்வொரு ஆத்துமாவும் என் பொறுப்பு. ஒருத்தர் முகம் வாடினாக்கூட கண்டுபிடிச்சுடுவேன். ஒரு வாரம் வரலைன்னா வீட்டுக்கே போய் நிப்போம். குடும்பம் மாதிரிங்க. குடும்பம் என்ன குடும்பம், அதுக்கும் மேல!"

மெக்கானிக்கின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று குழாயைப் பிடித்திருந்தவளுக்குப் புரியவில்லை.

"பாவத்தை உணர்றார்" என்று அவளிடம் கிசுகிசுத்தார் டாக்டர்.

அவளுக்கும் மனசு இளகத்தான் செய்தது. ஒரு வாரம் காணோமென்றால் வீட்டுக்கே வருவார்களாமே! காய்ச்சல் விட்டு அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, இதே டாக்டர் "கருவியெல்லாம் கழுவாமக் கெடக்கு, எங்க போய்த் தொலைஞ்ச?" என்றுதான் கேட்டார். அது வேலை செய்கிற இடம், சபையில் வேறு மாதிரி இருப்பாராயிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு வழியாக நியாயத்தீர்ப்பு முடிந்தது. பல்லும் அடைபட்டது.

"கொப்பளிங்க."

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்து, கொப்பளித்துத் துப்பினார்.

"என்ன சொல்றீங்க? இந்த ஞாயிறு வர்றீங்களா? கூச்சப்படாதீங்க, நீங்க மட்டும் புதுசு இல்ல. இந்தப் பொண்ணும் வர்றா. என்னம்மா, வர்றேல்ல?"

அவள் வாயெடுப்பதற்குள் மெக்கானிக் அவள் பக்கம் திரும்பினார். மரத்துப்போன உதடு ஒரு பக்கமாக இழுத்தாலும் பேச்சு தெளிவாகவே வந்தது.

"வாம்மா. வந்து கடைசி வரிசையில என் பக்கத்துல உட்காரு. அங்க இடம் எப்பவும் காலியாத்தான் இருக்கும். நீ ஒரு வாரம் வரலைன்னா, ஏன் வரலைன்னு நான் கேப்பேன்."

அவள் டாக்டரைப் பார்க்கவே இல்லை. "வர்றேண்ணா" என்றாள்.

டாக்டரின் முகமூடி ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு தொங்கியது. "நீங்க... எங்க சபையா? பார்த்த ஞாபகமே இல்லையே!"

"போன ஞாயிறு திருவிருந்துல நீங்கதானே டாக்டர் அப்பம் கொடுத்தீங்க" என்றார் மெக்கானிக், கன்னத்தைத் தடவியபடி. "இதே வாய்க்கு."