நம்ம ஆளு நீதிபதி

"இந்த நீதிபதி நம்ம ஆளுப்பா" என்றார் கிருபாசிந்து பெஹெரா, வெற்றிலை எச்சிலைத் துப்ப இடம் தேடிக்கொண்டே. கட்டாக் உயர் நீதிமன்றத்து வராந்தாவில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கிழவரை ஒடியா வழக்கப்படி மௌசா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுகிற அவருடைய வக்கீல் தேபாசிஷுக்கு வியர்த்துவிட்டது. "மௌசா, மெதுவாப் பேசுங்க. கோர்ட் அவமதிப்புன்னு உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க."

"போடட்டுமே. வெளிய இருந்து என்னத்தைக் கண்டேன்? அங்க சோறாவது வேளைக்கு விழும்."

கிழவர் அலுத்துக்கொள்வதில் தப்பில்லை. ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் ஆயுசு பூராவும் மோட்டார் ஓட்டியவர். பார்த்தது ஆபரேட்டர் வேலை, வாங்கியது எடுபிடி சம்பளம். பக்கத்து ஊரில் அதே மோட்டாரை ஓட்டியவனுக்கு மட்டும் ஆபரேட்டர் சம்பள விகிதம். அவன் ஓட்டினால் தண்ணீர் இனிக்குமா என்று கேட்டு வழக்குப் போட்டார்.

கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவர் ஒருத்தர்தான் பாக்கி. இவரும் கண்ணை மூடட்டும் என்பது போல, 'பதில் மனு தயாராகவில்லை' என்று சொல்லிச் சொல்லியே சர்க்கார் வக்கீல் காலத்தை ஓட்டினார்.

கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு நல்ல காரியம் நடக்கப் பார்த்தது. அப்போது சம்பள வழக்குகளைக் கேட்டவர் வேறொரு நீதிபதி, கறாரான மனுஷர். இதே மாதிரி வழக்குப் போட்டிருந்த பாலாசோர்க்காரர் ஒருவரைக் காலையிலே கூப்பிட்டு, மத்தியானத்துக்குள் ஜெயிக்க வைத்து அனுப்பினார். "பெஹெரா வழக்கும் இதே சங்கதிதானே? இன்னிக்கே முடிச்சிடலாமே" என்றார்.

கிழவர் பின்னாலிருந்து தேபாசிஷின் கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்தார். "வாய்தா கேளு."

"பைத்தியமா உங்களுக்கு?"

"கேளுங்கறேன்ல. லீவு முடிஞ்சா நீதிபதிங்களை மாத்திப் போடுவாங்க. இந்தக் கோர்ட்டுக்கு நம்ம ஆளு வர்றாரு. நாலு இடத்துல விசாரிச்சுட்டேன்."

தேபாசிஷ் இல்லாத வயிற்றுவலியைச் சொல்லி வாய்தா வாங்கினான். தன் வேலையை எதிராளியே பார்க்கிறானே என்று சர்க்கார் வக்கீலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தக் கறாரான நீதிபதி லீவிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். நம்ம ஆளு வந்து உட்கார்ந்தாயிற்று. இன்றைக்குத்தான் முதல் விசாரணை.

"இப்பவாவது சொல்லுங்க மௌசா. அவரு உங்களுக்குச் சொந்தமா?"

"அவரு ஊரு புரி, என் ஊரு கேந்திரபாரா. எங்கேருந்து சொந்தம்? பணம் குடுத்திருக்கேன்."

தேபாசிஷ் அக்கம்பக்கம் பார்த்தான். "பணமா? அவருக்கா?"

"வருஷா வருஷம். அவரு வீட்டுக்கே போய்க் குடுத்திருக்கேன். என் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கிடந்தப்ப வேண்டாம்னு திருப்பிக்கூடக் குடுத்தாரு. நல்ல மனுஷன்."

"ஐயோ! வேற யாருகிட்டயும் இதைச் சொல்லித் தொலைக்காதீங்க."

"உன்கிட்டயே சொல்லியிருக்கக் கூடாது. வக்கீலுங்கள்ல எவனையும் நான் நம்பமாட்டேன். பழைய வக்கீல் ஒருத்தர்தான் ஒழுங்கு. அவரும் தொழிலை விட்டுட்டாரு. இல்லேன்னா உன்கிட்ட வந்து மாட்டுவேனா?"

தேபாசிஷின் கையிலிருந்த வழக்குக் கட்டு தலையணை கனம் இருந்தது. அதில் மேலாக நாலு தாளைத்தான் அவன் புரட்டியிருந்தான். முழுசாய்ப் படிக்கிற வக்கீலை இந்த ஊரில் எங்கே போய்த் தேடுவது?

உள்ளே கூப்பிட்டார்கள். கிழவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இருக்கிற பல்லெல்லாம் தெரியக் கும்பிட்டார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"உடம்பு எப்படி இருக்கு மௌசா?"

சர்க்கார் வக்கீலின் முகம் செத்துவிட்டது. கிழவர் தேபாசிஷின் விலாவில் இடித்தார். "பாத்தியா? வெளிய வா, தயிர்வடை வாங்கித் தரேன்."

தேபாசிஷ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாதத்தை ஆரம்பித்தான். நீதிபதி கையை உயர்த்தினார்.

"வேண்டாம் தம்பி. இதுல ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும்."

கிழவர் மேலே பார்த்து ஜகந்நாதரைக் கும்பிட்டார். நீதிபதி வழக்குக் கட்டை மூடி, கீழே உட்கார்ந்திருந்த குமாஸ்தாவிடம் நீட்டினார்.

"இது என் முன்னால வரக் கூடாது. தலைமை நீதிபதிக்கு அனுப்புங்க. வேற கோர்ட்டுக்குப் போடுவாரு."

"வேற கோர்ட்டா? அது எப்ப வரும் ஹுஜூர்?" கிழவர் கத்தியே விட்டார்.

"எனக்குத் தெரியாது மௌசா. திரும்பவும் வரிசையில நிக்கணும்."

"நான் உசிரோட இருக்கணுமே! அநியாயம்னு உங்களுக்குத் தெரியும். எழுதற பேனாவும் உங்க கையில இருக்கு. அப்புறம் என்ன?"

அதட்ட வந்த சேவகனை நீதிபதி கையமர்த்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"இந்த வழக்கைப் போட்ட வக்கீலே நான்தானே மௌசா!"