பந்தியில் எழக் கூடாது

"மானத்துக்கு வெல கேட்டா, பதினோரு ஏக்கரா தென்னந்தோப்புன்னு சொல்லுவனுங்க. அதைப் பேங்குல வெச்சுத்தான் இந்தக் கிரேனை நிறுத்தியிருக்கேன். இன்னைக்கு நீங்க கையெழுத்துப் போடலீன்னா தோப்பும் போச்சு, மானமும் போச்சு," என்றார் திருமூர்த்தி.

துறைமுகத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி நரசிம்மலு அண்ணாந்து பார்த்தார். கோயம்புத்தூர் கணபதியிலிருந்த அந்தப் பட்டறை முற்றத்தில், செய்யப்போகும் ராட்சதக் கிரேனின் ஐந்திலொரு பங்கு அளவுள்ள மாதிரி வடிவம் நின்றது. சரக்கு முன்னால் போகப் போக, பின்பாரம் ஏற்றிய மேடை தண்டவாளத்தில் பின்னால் நகரும், கிரேன் கவிழாது. இன்ஜினியர் அன்புச்செல்வியின் டிசைன்.

அந்த மேடைமேல் பவானி ஜமக்காளம் விரித்து, திருமூர்த்தியின் சொந்தபந்தம் பதினோரு பேர் இலை முன்னால் சம்மணமிட்டிருந்தார்கள்.

"இவங்க எதுக்கு அங்கே?"

"எங்கூட்டு ஆளுகளே நம்பி உக்காரலீன்னா நீங்க எப்படி நம்புவீங்க? வாங்க, உங்களுக்கும் எலை போட்டாச்சு."

இருபது வருட சர்வீஸில் எத்தனையோ கிரேன் பார்த்தவர்தான். எதிலும் ஆட்டுக்கறி மணந்ததில்லை. ஏணியில் ஏறிவிட்டார்.

கீழே அன்புச்செல்வி பொத்தானை அழுத்தினாள். கொக்கி ஒரு டன்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, பந்தி மொத்தமும் ரசம் தளும்பாமல் பின்னால் போனது.

"தேர்ல உக்காந்து திங்கறாப்பல இருக்குதுங்க," என்றார் ஒரு பெரியப்பா. நரசிம்மலுவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

"சாருக்குத் தண்ணி. குடத்தோட மேல ஏத்துங்க," என்றாள் அன்புச்செல்வி.

"ஒரு டம்ளர் போதும்மா."

"இருக்கட்டுங்க. விக்கும்போது தேடக் கூடாது."

கொக்கி கடைக்கோடியைத் தொட்டது. கிரேன் அசையவில்லை. திருப்தியோடு இலையை மடித்த நரசிம்மலு, கை கழுவ ஏணிப் பக்கம் நகர்ந்தார்.

"உக்காருங்க" என்று பந்தியே ஒரே குரலில் அலறியது.

"எல்லாரும் திங்கறதுக்குள்ள எந்திரிச்சா பந்திக்கே அவமரியாதைங்க," என்று பரிமாறிக்கொண்டிருந்த திருமூர்த்தியின் மனைவி தெய்வாத்தாள் கும்பிடாத குறையாகச் சொன்னாள். மடித்த இலையை விரித்து மறுபடி கறி வைத்தாள். என்ன மரியாதை தெரிந்த ஜனம் என்று நெகிழ்ந்து உட்கார்ந்தார்.

பாரம் தரைக்கு வந்தபிறகுதான் அவரை இறங்க விட்டார்கள். அன்புச்செல்வி நீட்டிய சோதனை அறிக்கையில், மசாலா மணக்கும் கையால் அப்படியே கையெழுத்துப் போட்டார். திருமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்டேஷனுக்குப் போகும் காரில் ஏப்பம் விட்டபடி நகலைப் பிரித்தார் நரசிம்மலு.

'தேவையான பின்பாரம் 1400 கிலோ. வார்ப்புப் பவுண்டரியிலிருந்து இதுவரை வந்த இரும்புக் கட்டி 600. சொந்தபந்தம், பரிமாறியவர் உட்பட, 690. சோறு, கறி, தண்ணீர்க் குடம் 38. நரசிம்மலு சார், கண் மதிப்பில், 72. ஆக மொத்தம் 1400. குறைவில்லை.'